எட்டுக்கு ஒன்று

ஒன்பது சீட்டுகளையும் முத்திரை நாலாவது தடவையாக எண்ணினார். எண்ணிக்கை மாறவில்லை. என்ஜினீயருக்கு எட்டு, மாப்பிள்ளைக்கு ஒன்று.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு ஐந்தாவது தடவை எண்ணினார். எட்டுச் சீட்டில் என்ஜினீயர் பெயருக்கு நேரே பெருக்கல் குறி. ஒன்றே ஒன்றில் மாப்பிள்ளை பெயருக்கு நேரே. பெட்டியின் அரக்கைத் தூக்கிப் பார்த்தார். காலையில் அவர் வைத்த அரக்குத்தான். யாரும் கை வைத்த மாதிரி இல்லை.

முத்திரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கட்சியின் தலைமை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் அலுவலகச் செயலாளர். அவர் ரப்பர் முத்திரை படாமல் ஒரு காகிதம் உள்ளே வராது, வெளியே போகாது. ஒருமுறை யாரோ கொடுத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகையில்கூட மணமக்கள் பெயருக்கு மேலேயே 'பெறப்பட்டது' என்று குத்திவிட்டார். பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

பழைய தலைவர் உடம்பு முடியாமல் ஒதுங்கிக்கொண்டதில் ஆரம்பித்தது இது. அவர் இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் அவருடைய மருமகன். கட்சியில் அவரைவிட முப்பது வயது மூத்தவர்கள்கூட அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு நிறையும் சொல்ல முடியாது.

இன்னொருவர் என்ஜினீயர். நாட்டில் இருக்கிற பாலங்களில் பாதி அவர் அமைச்சராக இருந்தபோது கட்டியது. ஆனால் அவர் துறைமுகத்து ஜனங்களில் ஒருவர். நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் மூட்டை இறக்க வந்தவர்களின் வாரிசுகள். நூற்றுக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். நிறம் வேறு, முகவெட்டு வேறு. என்ஜினீயரின் பெயரை மேடையில் வாசிக்கிறவர்கள் நடுவில் ஒருதரம் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். நாலு தலைமுறை ஆன பிறகும் அவரைப் பார்த்து, "நீங்க எப்போ வந்தீங்க?" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். "காலைலதான், ஏழு மணி பஸ்ல" என்பார் அவர்.

கட்சித் தலைவர் ஆகிறவர்தான் அடுத்த பொதுத்தேர்தலில் நாட்டின் தலைமைப் பதவிக்கும் நிற்பார். அவரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை ஒன்பது பேர் கொண்ட மேல்குழுவுக்கு. அந்த ஒன்பது பேரையும் முத்திரைக்கு உள்ளங்கை ரேகை மாதிரித் தெரியும். ஒரு மாதமாக அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவர்கள் சொன்னது எல்லாம் ஒரே பாட்டு.

"எனக்கு ஒண்ணும் இல்லை, முத்திரை. என் மில்லுல வேலை செய்யற ரெண்டாயிரம் பேரும் ஏத்துக்கணுமே" என்றார் மில்காரர்.

"அவர் எனக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி" என்றார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற கர்னல். "பட்டாளத்துக்காரன் சல்யூட் அடிக்கும்போது கை ஒரு நிமிஷம் தயங்கினா என்ன ஆகும்? அதைத்தான் யோசிக்கிறேன்."

"இன்னும் இருபது வருஷம் போகட்டும்" என்றார் வக்கீலம்மா. "அவர் பொறுமைசாலிதானே."

ஆக, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நாடுதான் தயாராக இல்லை. இதைக் கேட்டுக் கேட்டு, மாப்பிள்ளை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று ஒரு பத்திரிகைச் செய்தியைக் காலையிலேயே தயார் செய்து, அதில் முத்திரையும் குத்தி வைத்திருந்தார் முத்திரை. இப்போது அதைக் கிழிக்க வேண்டியிருந்தது.

மண்டபத்துக்குப் போய் முடிவை வாசித்தார். "என்ஜினீயர் எட்டு. மாப்பிள்ளை ஒன்று."

 மேல்குழுவில் இருந்த ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் மட்டும் கைதட்டினார். அதைக் கேட்டதும் மற்ற எட்டுப் பேரும் ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தவர்கள் மாதிரி அவசர அவசரமாகத் தட்டினார்கள். கர்னல் கைதட்டிக்கொண்டே நெற்றியைத் துடைத்தார். வக்கீலம்மா தண்ணீர் கேட்டார்.

விதிப்படி சீட்டுகளை அங்கேயே இயந்திரத்தில் போட்டுத் துணுக்குத் துணுக்காக நறுக்கியாயிற்று.

எல்லாரும் போன பிறகு என்ஜினீயர் முத்திரையின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"எட்டா?"

"எட்டுதாங்க ஐயா. அஞ்சு தடவை எண்ணினேன்."

"என் வீட்டுல ஓட்டு வெச்சாலே எட்டு விழாதே." அவர் நாற்காலியில் உட்காராமல் ஜன்னல் பக்கம் நின்றார். "அந்த ஒருத்தரை எனக்குப் புரியுது. அந்த எட்டுப் பேருதான் புரியலை. அவங்க எதுக்குப் போட்டாங்கன்னு கொஞ்சம் பாருங்க."

முத்திரைக்கு இது விபரீதமாகப் பட்டது. எதிர்த்துப் போட்டவனைத் தேடுவது உலக வழக்கம். ஆதரித்துப் போட்டவனை எதற்குத் தேடுவது? அவர் தலையை ஆட்டிவிட்டு, மனதுக்குள் அந்த ஒருவரையே தேட ஆரம்பித்தார்.

மறுநாள் காலைப் பத்திரிகையில் விஷயம் வந்துவிட்டது. யார் சொன்னார்களோ தெரியவில்லை. 'எட்டுக்கு ஒன்று: இன்னும் இனம் பார்க்கும் அந்த ஒருவர் யார்?' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே ஒன்பது பேர் படமும் வரிசையாக, பள்ளிக்கூடக் குழுப்படம் மாதிரி.

முத்திரையின் மனைவி பத்திரிகையை மடித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னங்க, அந்த ஒருத்தர் யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? சீட்டுல பேரா எழுதறாங்க?"

"அது கிடக்கட்டும். எட்டுப் பேரு நிஜமாவே போட்டாங்களா?"

"போட்டாங்க."

"நம்ப முடியலை." அவள் ஒன்பது முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "சரி, நீங்க போட்டிருந்தா யாருக்குப் போட்டிருப்பீங்க?"

"நான் ஓட்டுப் போடற ஆளே இல்லையே" என்று சொல்லிவிட்டு டீயைக் கையில் எடுத்தார். காலி ஆன பிறகும் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போனால் வக்கீலம்மா அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியை அழவைக்கிற அம்மாள், கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டு இருந்தார்.

"முத்திரை, ஊர்ல கண்டபடி பேசுவாங்க. அது நானில்லை."

"நீங்கன்னு யாரும் சொல்லலையேம்மா."

"சொல்லலைதான். ஒருவேளை சொன்னா."

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் போதும் என்று முத்திரைக்குத் தோன்றியது. குரலைத் தாழ்த்தி, "அம்மா, அது யாருன்னு எனக்குத் தெரியும். என் உயிரே போனாலும் என் வாயிலேர்ந்து வராது. நீங்க நிம்மதியாப் போங்க" என்றார்.

வக்கீலம்மாவின் முகம் வெளுத்தது. எழுந்திருக்கும்போது கைப்பை கீழே விழுந்தது. "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"என்ஜினீயர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லலை."

"பதவியேற்புக் கூட்டத்துல அவரைப் பத்தி நான்தான் பேசுவேன்னு எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

முத்திரைக்குத் தெரியும் என்கிற செய்தி பதினோரு மணிக்குள் மேல்குழு முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அறையில் நாற்காலி காலியாகவே இல்லை.

மில்காரர் வந்தார். கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். "ஒரு சந்தேகம். பெருக்கல் குறியைப் பார்த்து, அது யார் கைன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மா. பொது அறிவு."

"சீட்டெல்லாம் நறுக்கியாச்சேய்யா."

"நறுக்கினது எங்கே இருக்கு?"

மூலையில் இருந்த பையை முத்திரை காட்டினார். மில்காரர் அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். "என் மில்லுல கண்ணாடிச் சாமான் பேக்கிங் பண்ண இதுமாதிரித் துணுக்கு கிடைக்கறதே இல்லை" என்றார். அவருடையது நூல் மில்.

அவர் காரில் ஏறின கையோடு கர்னல் வந்து அதே பையைக் கேட்டார். மில்காரர் எடுத்துப் போய்விட்டார் என்று கேட்டதும், "அப்போ அவருதானா?" என்று ஆவலோடு முன்னால் சாய்ந்தார். முகத்தில் ஒரு கணம் ஒளி வந்தது. பிறகு ஏதோ யோசித்து அதுவும் அணைந்தது. "இல்லை, அவரா இருக்க முடியாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது. விடுங்க. என்ஜினீயருக்கு மெய்க்காவல் ஏற்பாடு நானே பார்த்துக்கறேன். என் சொந்தப் பொறுப்பு."

மேல்குழுவின் மற்றவர்களில் முதலில் பல் டாக்டர் வந்தார். இரண்டு மாவட்டச் செயலாளர்கள் சேர்ந்து வந்து, ஒருவரை ஒருவர் வெளியே நிற்கச் சொல்லித் தனித்தனியாகப் பேசினார்கள். மாதர் அணித் தலைவி தொலைபேசியில் கூப்பிட்டு, கேட்காமலேயே தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். விவசாய சங்கத்துக்காரர் ஒன்றுமே பேசாமல் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "மனசுன்னு ஒண்ணு இருக்கே, அது பொல்லாதது" என்று சொல்லி எழுந்து போனார்.

முத்திரை ஒரு நோட்டில் பெயர்களை எழுதி, யார்மேல் சந்தேகம் அதிகமோ அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் திறந்து பார்த்தால் எட்டுப் பெயருக்கும் பக்கத்தில் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி இருந்தன. ஒரு ஓட்டுக்கு எட்டுத் திருடர்கள். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு கணக்கு அவருக்கு இடித்ததில்லை.

நோட்டில் புள்ளி இல்லாத பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாத்தியார்.

அவர் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிடவில்லை. சத்தியம் செய்யவில்லை. யோசிக்க யோசிக்க முத்திரைக்கு உடம்பு சிலிர்த்தது. மண்டபத்தில் முதலில் கைதட்டினவர் யார்? மற்ற எட்டுப் பேரும் அதிர்ச்சியில் இருக்கும்போது, ஒருவர் மட்டும் எதற்கு அத்தனை தயாராகக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்?

அடுத்த நாள் காலை வாத்தியார் வீட்டுக்கே போனார். வாத்தியார் கூடத்தில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சிவப்புப் பேனாவால் அன்றைய பத்திரிகையின் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். வேலையை விட்டுப் பதினைந்து வருடம் ஆகியும் அந்தக் கை நிற்கவில்லை.

"வாங்க முத்திரை. என்ன இவ்வளவு தூரம்?"

"நீங்க ஏன் என்னை வந்து பாக்கலை?"

"எதுக்கு?"

"மத்த எட்டுப் பேரும் வந்துட்டாங்க."

"எதுக்கு?"

"அது நானில்லைன்னு சொல்ல."

வாத்தியார் பேனாவை மூடினார். "அப்போ எட்டுல ஒருத்தர் பொய் சொல்லியிருக்கார். நானும் வந்து சொல்லியிருந்தா, ஒன்பதுல ஒருத்தர் பொய் சொல்லியிருப்பார். உங்களுக்கு ஒரு நாற்காலி தேய்மானம்தான் மிச்சம்."

"சுத்தி வளைக்க வேணாம். நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"ரகசிய ஓட்டுன்னு நீங்கதானே முத்திரை குத்தி அனுப்பினீங்க?"

"என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"சொன்னா ரகசியம் போயிடும். சொல்லாட்டி என் பேரு போயிடும். பேரு என்னோடது, போனாப் போகுது. ரகசியம் எல்லாருக்கும் பொது." அவர் சிரித்தார். "என்ஜினீயரோட பள்ளிக்கூடத் திட்டம் எனக்குப் பிடிக்கலை. அதை அவர்கிட்டயே நேரா சொல்லிட்டேன். அது மட்டும் ரகசியம் இல்லை."

முத்திரைக்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? குற்றம் இல்லாதவன் பதறுவான். இந்த மனிதர் பதறவே இல்லை. எட்டுப் பேர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு வந்தார்கள், அது மனசாட்சி உள்ளவர்களின் வியர்வை. இவருக்கு நெற்றி காய்ந்து கிடக்கிறது.

நேரடியாகப் பழி போட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு நாகரிகமான வழி கண்டுபிடித்தார். ஒன்பது பேருக்கும் ஒரு உறுதிமொழிக் கடிதம் அனுப்பினார். 'நான் என்ஜினீயரையே ஆதரித்தேன்' என்று ஒரே வரி. கீழே கையெழுத்து. இஷ்டப்பட்டால் போடலாம், கட்டாயம் இல்லை.

எட்டுக் கடிதங்கள் அன்று மத்தியானமே கையெழுத்தோடு திரும்பி வந்தன. மில்காரர் இரண்டு பக்கமும் போட்டிருந்தார். கர்னல் கையெழுத்துக்குக் கீழே கட்டைவிரல் ரேகையும் வைத்திருந்தார். வாத்தியார் கடிதத்தில் கையெழுத்து இல்லை. இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பியிருந்தார்.

இது வெளியே கசிய ஒரு நாள்கூட ஆகவில்லை. பத்திரிகைக்காரர்கள் வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வாத்தியார் அவர்களுடைய முந்தின நாள் பத்திரிகையை அவர்களிடமே திருத்திக் கொடுத்தார். விஷயம் கைமீறிப் போய், மேல்குழு கூடியது. இப்போது தலைவர் நாற்காலியில் என்ஜினீயர்.

வாத்தியாரை நீக்க வேண்டும் என்று வக்கீலம்மா தீர்மானம் கொண்டுவந்தார். பேசும்போது குரல் தழுதழுத்தது. "நம்ம நடுவுல இப்படி ஒருத்தர் இருந்தாருன்னு நினைச்சாலே எனக்குத் தூக்கம் வரலை" என்றார். அவருக்குத் தூக்கம் வராதது முகத்திலேயே தெரிந்தது.

என்ஜினீயர் எட்டுப் பேரையும் மெதுவாகப் பார்த்தார். "இவர்தான்னு உங்களுக்கு நிச்சயமா?"

"நிச்சயம்" என்றார்கள் எட்டுப் பேரும்.

"எட்டுப் பேருக்கும் எப்படி இவ்வளவு நிச்சயம்னுதான் எனக்கு இடிக்குது." அவர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நம்பறேன்."

"நீங்க நம்பறதுக்காகச் சொன்னா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து இன்னொரு வார்த்தை சொல்லச் சொல்வார்" என்றார் வாத்தியார். "அப்புறம் மறைப்பு எதுக்கு, பெட்டி எதுக்கு? வேணாம்."

எட்டுக் கைகள் உயர்ந்தன. ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் தலைவரே தடுக்க முடியாது என்பது விதி. முத்திரை குறித்துக்கொண்டார்.

வாத்தியார் எழுந்து என்ஜினீயரிடம் கை கொடுத்தார். "பள்ளிக்கூட விஷயத்துல நான் சொன்னதை மட்டும் மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். முத்திரை ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெரு முனையில் ஒரு விளம்பரப் பலகைக்கு முன்னால் நின்று, சட்டைப்பையில் பேனாவைத் தேடி, எட்டாது என்று தெரிந்து, தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார்.  முத்திரை ஜன்னலைச் சாத்தினார்.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆள் பிடிபட்ட பிறகு எட்டுப் பேரும் ஆறுதலாக இருப்பார்கள் என்று முத்திரை நினைத்தார். நேர்மாறாக, அவர்கள் இன்னும் வெறி பிடித்த மாதிரி வேலை செய்தார்கள். மில்காரர் தன் மில்லில் ரெண்டாயிரம் பேரையும் நிற்கவைத்து, என்ஜினீயர் கட்டின பாலங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவன், "கப்பல்ல வந்தவன்" என்று கத்தினான். வக்கீலம்மா மேடையிலிருந்து இறங்கி அவனிடமே போய், "உங்க தாத்தா எதுல வந்தார், சொல்லு" என்று அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். அவன் கடைசியில் கட்சியில் சேர்ந்துவிட்டான்.

ஒரு மாபெரும் கூட்டத்தில், முழுச் சீருடையும் பதக்கங்களும் மாட்டிக்கொண்டு, கர்னல் என்ஜினீயருக்கு எதிரே வந்து நின்று சல்யூட் அடித்தார். கை தயங்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தப் படம் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது.

முத்திரையின் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, இந்த மனுஷன் நடிக்கறாரா?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்."

"ஆரம்பத்துல நடிச்சிருப்பார்" என்றாள் அவள். "இப்போ பாருங்க, நிஜமாவே அழறார். தினம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது பழகிப்போச்சு."

என்ஜினீயர் மட்டும் மாறவில்லை. யாராவது சிரித்துக்கொண்டே வந்தால் லேசாகச் சுவர் பக்கம் நகர்ந்துகொள்வார். "முத்திரை, இந்த எட்டுப் பேரை நான் இன்னும் கண்டுபிடிக்கலை" என்று வாரம் ஒருதரம் சொல்வார். "இவ்வளவு அன்பு எங்கேர்ந்து வருது?"

"நல்லவங்கய்யா" என்பார் முத்திரை.

"அதான் பயமா இருக்கு."

பொதுத்தேர்தல் அன்று முத்திரை தன் தெருவில் இருந்த சாவடிக்குப் போனார். இந்தத் தடவை அவரும் ஓட்டுப் போடுகிற ஆள். மறைப்புக்குள் நின்று இரண்டு பெயரையும் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அவர் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. காரணம் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. பாலம் கட்டின மனிதர், ஒருநாளும் அவரை ஏக வசனத்தில் கூப்பிடாத மனிதர். அப்படியிருந்தும் கை நின்றது. பிறகு அந்த எட்டுப் பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். மில்காரரே போட்டிருக்கிறார், கர்னலே போட்டிருக்கிறார். அவர்கள் எல்லாம் தயாராகி இத்தனை மாதம் ஆகிறது. நான் ஒருத்தன் மட்டும் எதற்குப் பின்னால் நிற்க வேண்டும்? வெட்கமாக இருந்தது. என்ஜினீயர் பெயருக்கு நேரே குத்திவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"யாருக்குன்னு கேக்கமாட்டேன்."

"கேளேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "வேணாம், தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

அந்த மாதிரிக் கை அந்தரத்தில் நின்றவர்கள் நாடு முழுக்க எத்தனை பேரோ, அவர்களும் யாரையோ நினைத்துக்கொண்டு குத்தியிருக்க வேண்டும். என்ஜினீயர் ஜெயித்தார். சுமாராக இல்லை, தாராளமாக. நாடு தயாராக இல்லை என்று சொன்ன வாய்கள் எல்லாம், நாடு எப்பவோ தயார் என்று சொல்லின.

பதவியேற்பு நாள் காலை. அலுவலகம் முழுக்க மாலையும் ஆளுமாக இருந்தது. முத்திரை தன் அறையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக யார்மேலும் சந்தேகம் இல்லாமல், கட்சி வரலாற்றின் கடைசி அத்தியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண். நாலு வருடமாக அவர் சொல்வதை ஒரு எழுத்து மாறாமல் அடிக்கிறவள்.

"'நாடு தயங்கிய நேரத்தில் அந்த எட்டுப் பேர் தயங்கவில்லை' போட்டாச்சா?"

"போட்டாச்சு சார்."

"'இருட்டில் இருந்த அந்த ஒருவரை வரலாறு மன்னிக்கட்டும்.' அதோட முடிச்சுடு."

அடித்து முடித்தாள். காகிதத்தை உருவி அவரிடம் கொடுத்தாள். அவர் முத்திரை குத்தினார்.

"அப்புறம், சாயங்காலம் துணைத் தலைவர் தேர்தல் இருக்கு. வக்கீலம்மாவும் கர்னலும் நிக்கறாங்க" என்றார். "சீட்டுல ரெண்டு பேரையும் போட்டு எட்டு அடி. பெட்டியை நான் பார்த்துக்கறேன். வேற ஒண்ணும் வேண்டியதில்லையே?"

"மறைப்புக்குள்ள ஒட்டற அறிவிப்பு வேணுமே சார். போன தடவை நீங்க வெளியில இருந்து போன்ல சொன்னீங்க, காதுல விழுந்தபடி நான் அடிச்சு ஒட்டினேன். அதையே எடுத்து ஒட்டிடவா?"

"ஒட்டிடு. நான் அதைக் கண்ணால பார்க்கவே இல்லை. என்ன இருக்கு அதுல, வாசி பார்ப்போம்."

டைப்பிஸ்ட் கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"'ரெண்டு பேர்ல யாரு வேணாமோ, அவங்க பேருக்கு நேரே பெருக்கல் குறி போடவும்.'"